புகை அங்கே, மரம் இங்கே... தெரியுமா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு நிலக்கரி மின்நிலையம். அதன் புகைபோக்கி கக்கப்போகும் கரியமில வாயுவுக்கு ஈடாக, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் குவாத்தமாலா மலைச்சரிவில் ஏழை விவசாயிகள் மரக்கன்று நட்டார்கள். எப்போது தெரியுமா? 1988-ல் போட்ட திட்டம் அது! உமிழ்வைக் குறைக்க நாடுகள் போட்ட கியோட்டோ ஒப்பந்தம் வருவதற்கு 9 ஆண்டுகள் முன்பு. பிடித்துவைத்த கரியமில வாயுவுக்குச் சான்று எழுதி விற்கும் கார்பன் கிரெடிட் என்ற பேச்சே சந்தையில் இல்லாத காலம். ஒரு கம்பெனி தன் புகைக்கு மரத்தால் கணக்குத் தீர்க்க முயன்ற முதல் பெரிய முயற்சி அதுதான்.

கம்பெனியின் பெயர் ஏஇஎஸ். சுமார் 180 மெகாவாட் நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மரம் நடு என்று எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. தானாகவே வாஷிங்டனில் இருக்கும் உலக வளங்கள் நிறுவனத்திடம் போய், எங்கள் புகையை ஈடுகட்ட வழி சொல்லுங்கள் என்று கேட்டது. பல நாட்டுத் திட்டங்களை அலசிப் பார்த்து அந்த நிறுவனம் கைகாட்டிய இடம் குவாத்தமாலா. அங்கே கேர் என்ற தொண்டு நிறுவனம் ஏற்கெனவே விவசாயிகளோடு மரம் வளர்த்துக்கொண்டிருந்தது. பத்து ஆண்டுகளில் 5 கோடியே 20 லட்சம் மரங்கள், 40,000 சிறு விவசாயிகள், ஏஇஎஸ் தரப்பிலிருந்து 20 லட்சம் டாலர். அன்றைக்கு இது தலைசுற்ற வைக்கும் கணக்கு!

அந்த விவசாயிகள் மரம் நட்டது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அடுப்புக்கு விறகு வேண்டும். மழையில் சரிவு மண் அரித்துப் போகாமல் நிற்க வேண்டும். காபிச் செடிக்கு நிழல் வேண்டும். கனெக்டிகட் புகையை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. வெட்டி அடுப்பில் வைக்கவேண்டிய தேவை அவர்களுக்கு. வெட்டாமல் நிற்கவேண்டிய தேவை கம்பெனிக்கு. இந்த இரண்டும் ஒரே மரத்தின்மேல் வந்து மோதின. பிற்பாடு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, சொன்ன அளவு கார்பன் சேரவில்லை என்று தெரிந்தது. தொடக்கத்திலிருந்தே மரத்தில் சேரும் கார்பனை முறையாக அளக்கவும் இல்லை. மின்நிலையம் 2011-ல் திவாலாகிப் போனது. அது விட்ட கரியமில வாயுவோ நம் தலைக்கு மேல் இன்னும் நூற்றாண்டுக்கணக்கில் இருக்கப்போகிறது.

எனக்கு இந்தக் கதையில் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இதற்குப் பிறகு வந்த முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் முழுவதும், வெற்றியும் தோல்வியும், இந்த முதல் திட்டத்திலேயே அடங்கியிருக்கிறது. நட்ட மரம் நிற்பதும் சாய்வதும் அந்த ஊர்க்காரர் கையில். அவருக்கு அந்த மரத்தால் என்ன கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

மரம் எதைத் தின்று வளர்கிறது?

மண்ணைத் தின்று என்று நினைப்போம். பெல்ஜியத்துக்காரர் வான் ஹெல்மோன்ட் என்பவர் இதைச் சோதித்தே பார்த்தார்! உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்து ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டு, தண்ணீர் மட்டும் விட்டு வந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து மரத்தை நிறுத்தால் 169 பவுண்டு! மண்ணை உலர்த்தி நிறுத்தால் குறைந்தது வெறும் இரண்டு அவுன்ஸ்! அவர் இறந்த பிறகு, 1648-ல் வந்த புத்தகத்தில் இது இருக்கிறது. மரத்தின் எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார்.

இன்னும் கேளுங்கள். கரியை எரித்தால் ஒரு காற்று வெளியேறுகிறது, அது சாதாரணக் காற்று இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் இதே ஹெல்மோன்ட்தான். இன்று நாம் கரியமில வாயு என்கிறோமே, அதேதான். ஒரு பக்கம் அந்த வாயு, இன்னொரு பக்கம் அந்த வாயுவையே தின்று தொட்டியில் பருத்துக்கொண்டிருந்த மரம். இரண்டும் ஒரே மனிதர் கையில் இருந்தன, ஆனால் முடிச்சுப் போடவில்லை! அந்த முடிச்சு விழ இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சரி, ஒரு மரம் எவ்வளவு புகையைப் பிடித்து வைக்கும்? உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ பாதி எடை கார்பன். ஒரு டன் கார்பன் என்பது 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அப்படியென்றால், ஈரம் போக ஒரு டன் எடைக்கு வளர்ந்து நிற்கும் ஒரு மரம் தன் ஆயுளில் பிடித்து வைத்திருப்பது சுமார் 1.8 டன். இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 1,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று நன்றாக ஓடினால் ஆண்டுக்கு 60 முதல் 70 லட்சம் டன் கரியமில வாயுவை விடும். வகுத்துப் பாருங்கள்: ஒரே ஒரு ஆண்டின் புகைக்குச் சுமார் 35 லட்சம் மரங்கள் வேண்டும். அவை அத்தனையும் ஒரு டன் எடைக்கு வளர்ந்து நிற்க வேண்டும். அதற்கு எத்தனையோ ஆண்டுகள் ஆகும், புகை இன்று மாலைக்குள் வெளியேறிவிடும். அடுத்த ஆண்டுக்கு இன்னொரு 35 லட்சம்!

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த யாரும், புகையைக் குறைக்காமல் மரத்தை மட்டும் நட்டுத் தப்பித்துவிடலாம் என்று நம்ப மாட்டார்கள். கம்பெனிகளின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ என்ற அமைப்பு 2021-ல் வெளியிட்ட நெறியும் இதைத்தான் சொல்கிறது: நிகர பூஜ்ஜியம், அதாவது விடுவதும் திரும்பப் பிடிப்பதும் சரிக்குச் சரி என்று ஒரு கம்பெனி சொல்லிக்கொள்ள வேண்டுமானால், பெரும்பாலான துறைகளில் தன் உமிழ்வை 90 சதவீதமாவது நிஜமாகவே குறைத்திருக்க வேண்டும். மரத்துக்கும் மற்ற வழிகளுக்கும் விட்டுவைத்திருப்பது மிஞ்சிய கொஞ்சம்தான்.

மாங்கன்று கொடுத்தார்கள், தண்ணீர்?

இங்கிலாந்தின் புகழ்பெற்ற கோல்ட்பிளே இசைக்குழுவின் பெயரில் நம் பக்கத்து மாநிலத்தில் மாந்தோப்பு போட்டார்கள், தெரியுமா? 2002-ல் வெளிவந்த அவர்களது இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்து உலகெங்கும் அனுப்பியதில் உண்டான உமிழ்வை ஈடுகட்ட, கர்நாடகத்தில் 10,000 மாங்கன்றுகள்! இன்றைய சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் குடிபண்டே பக்கம், மழை பொய்க்கும் வறண்ட பூமியில். மரம் கரியைப் பிடிக்கும், மாம்பழம் விவசாயிக்குக் காசு தரும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

2006-ல் லண்டன் பத்திரிகை ஒன்று ஆள் அனுப்பிப் பார்த்தது. கன்றுகளில் பெரும்பகுதி பட்டுப்போயிருந்தது. கன்று வந்தது, ஆனால் தண்ணீர் ஊற்ற உதவி வரவில்லை என்று விவசாயிகள் சொன்னார்கள். மானாவாரி நிலத்தில் மாங்கன்று வைத்தவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று கோடைக்குக் குடத்திலோ வண்டியிலோ தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால்தான் கன்று பிழைக்கும். ஆடு கடிக்காமல் முள் வேலி கட்ட வேண்டும். கரையான் ஏறாமல் பார்க்க வேண்டும். கன்றின் விலை ஒரு பங்கு என்றால் அதைக் காப்பாற்றும் செலவு பல பங்கு. அந்தப் பல பங்கை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்த்தாலே ஒரு திட்டத்தின் தலையெழுத்து தெரிந்துவிடும்.

கடலோரத்திலும் இதே கதை உண்டு. பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கில் அலையாத்திக் கன்றுகள் நட்டார்கள். பல இடங்களில் பிழைத்தது 10 முதல் 20 சதவீதம்தான்! காரணம் என்ன தெரியுமா? நல்ல இடமெல்லாம் மீன் வளர்ப்புக் குளங்களாகிவிட்டன. யாரும் சண்டைக்கு வராத இடம் என்று பார்த்து, எப்போதும் தண்ணீர் நிற்கும் சேற்றுப்பரப்பில் கொண்டுபோய் நட்டார்கள். இயற்கையாக அலையாத்தி முளைக்காத இடம் அது. முளைக்காததற்கு ஒரு காரணம் இருக்கும் அல்லவா?

இதற்கு நேர்மாறான அதிசயம் நம் பிச்சாவரத்தில் நடந்திருக்கிறது! வெள்ளைக்காரர் காலத்திலிருந்து காட்டைப் பகுதி பகுதியாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, மண் அமுங்கி, நடுவே பள்ளமாகிப் போனது. அலையில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்று ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் வெண்கண்டல்கூடப் பிழைக்கவில்லை. எத்தனை கன்று நட்டிருந்தாலும் செத்திருக்கும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் என்ன செய்தன? மீன்முள் அமைப்பில் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வந்து, வற்றத்தில் வடிந்து போனது. நின்ற உப்பைக் கழுவிக்கொண்டு போனது. பிறகு நட்டதும் பிழைத்தது, நடாமல் தானாக வந்ததும் பிழைத்தது. சுற்றியிருக்கும் மீனவ, இருளர் குடும்பங்கள் வாய்க்கால் தூர் அடையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார்கள். 2004 சுனாமியில் இந்தக் கடலூர்க் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவாக இருந்ததை அடுத்த ஆண்டே ஓர் ஆய்வு பதிவு செய்தது.

குழி தோண்டாமல் ஒரு காடு

இது என்னை அப்படியே உட்கார வைத்துவிட்ட செய்தி. நைஜர் நாட்டில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் 1980-களின் தொடக்கத்தில் மரம் நட்டுக்கொண்டிருந்தார். நட்டதெல்லாம் பாலைவன வெயிலில் செத்துக்கொண்டிருந்தது. ஒருநாள், மணலில் வண்டி போவதற்காக டயரில் காற்றைக் குறைக்க இறங்கினார். பக்கத்தில் ஒரு புதர். போய் இலையைத் தொட்டுப் பார்த்தார். அது புதரில்லை, மரம்! எப்போதோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து விட்ட துளிர்! கண்ணுக்கெட்டிய தூரம் அப்படிப்பட்ட புதர்கள். மண்ணுக்கடியில் ஒரு காடே உயிரோடு இருந்திருக்கிறது, ஆண்டுதோறும் உழவுக்கு முன் அதை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள்.

கரும்பு வெட்டியபின் கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புமே, அதே சங்கதிதான்! முறை மிக எளிது. ஒரு கட்டையிலிருந்து இருபது முப்பது துளிர் கிளம்பியிருக்கும். அதில் நிமிர்ந்த, தடித்த மூன்று நான்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அரிவாளால் கழித்துவிட வேண்டும். விட்ட தண்டிலும் அடியிலிருந்து பாதி உயரம் வரை பக்கக் கிளையைக் கழிக்க வேண்டும். கழித்தது அன்றைக்கே விறகு. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மரம் சரசரவென்று மேலே வரும். நாற்றங்கால் இல்லை, குழி இல்லை, செலவே கிட்டத்தட்ட இல்லை.

கேட்டால் நம்பமாட்டீர்கள், நைஜரின் தெற்கே இப்படி 50 லட்சம் ஹெக்டேரில் சுமார் 20 கோடி மரங்கள் எழுந்து நிற்பதை 2000-களில் வான்படங்களை வைத்துப் பார்த்து ஆய்வாளர்களே திகைத்துப் போனார்கள்! இதில் ஒரு சட்டக் கதையும் ஒளிந்திருக்கிறது. காலனி ஆட்சிக் காலத்துச் சட்டப்படி வயலில் நிற்கும் மரமும் அரசுக்குச் சொந்தம். தன் மரமே தனக்கில்லை என்றால் யார் காப்பாற்றுவார்கள்? அந்தப் பிடி தளர்ந்து, மரம் விவசாயிக்கே என்று ஆனபிறகுதான் வேகம் பிடித்தது. ரினாடோவுக்கு 2018-ல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

கம்பெனி, கார்பன் என்று ஆரம்பித்துவிட்டு இங்கே ஏன் வந்தேன் தெரியுமா? இதே முறையை எத்தியோப்பியாவின் ஹும்போ வட்டாரத்துக்கு வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு நிறுவனம் கொண்டுபோனது. மொட்டையாகிப் போயிருந்த 2,728 ஹெக்டேர் மலைச்சரிவு. ஊர்மக்கள் ஏழு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அந்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கையில் பத்திரம் வாங்கினார்கள். மேய்ச்சலை ஒழுங்கு செய்து, கட்டைத் துளிரைக் கழித்து விட்டார்கள். துளிரில்லாத இடத்தில் மட்டும் நாற்று நட்டார்கள். அரசாங்கங்களும் கம்பெனிகளும் பணம் போட்டிருந்த உலக வங்கியின் பயோகார்பன் நிதி, இங்கே பிடிபடும் கரியமில வாயுவில் 1,65,000 டன்னுக்கான கிரெடிட்டை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. வந்த பணத்தில் சங்கங்கள் தானியக் கிடங்கும் மாவு மில்லும் கட்டின. ஆப்பிரிக்காவில் ஐநா முறைப்படி பதிவான பெரிய மரவளர்ப்புத் திட்டங்களில் இதுதான் முன்னோடி.

விற்ற மரம் எரிந்தால்?

ஸ்பெயினில் 2022 ஜூலையில் அதெக்கா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெருந்தீ. சுமார் 14,000 ஹெக்டேர் எரிந்தது. எங்கே ஆரம்பித்தது தெரியுமா? கம்பெனிகளின் உமிழ்வுக்கு ஈடாக மரம் நட நிலத்தைத் தயார் செய்துகொண்டிருந்த இடத்தில்! மண்ணைக் கிளறிய இயந்திரத்திலிருந்து தெறித்த பொறி. கடும் வெப்ப அலை வீசிய நாட்கள் அவை.

அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பற்றிய பூட்லெக் காட்டுத்தீ, மைக்ரோசாஃப்ட் கார்பன் கிரெடிட் வாங்கியிருந்த காட்டுக்குள்ளும் புகுந்தது. இப்படி நடந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொரு காட்டுத் திட்டமும் தன் கிரெடிட்டில் ஒரு பங்கை விற்காமல் பொதுக் காப்பில் போட்டுவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கலிஃபோர்னியா நடத்தும் திட்டத்தில், தீக்கென்று நூறு ஆண்டுகளுக்கு ஒதுக்கிய காப்பு பத்தே ஆண்டுக்குள் ஏறத்தாழ முழுதும் கரைந்துவிட்டது என்று 2022-ல் கார்பன்பிளான் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மரத்தை நூறு ஆண்டு நிற்கும் என்று எழுதிக்கொடுப்பது எவ்வளவு பெரிய வாக்கு என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

எந்த மரம் என்பதும் சாதாரண விஷயமில்லை. ஒரே ரக மரத்தை வரிசையாக நட்டு, பத்துப் பதினைந்து ஆண்டில் வெட்டி, மறுபடி நடும் தோட்டங்களைவிட, இயற்கையாக மீளும் காடு நீண்டகாலத்தில் சராசரியாக 40 மடங்கு கார்பன் பிடிக்கும் என்று 2019-ல் நேச்சர் இதழில் விஞ்ஞானிகள் எழுதினார்கள். நாற்பது மடங்கு! ஆனாலும் பைன், தைலமரம் என்று வரிசைத் தோட்டங்கள்தான் பல இடங்களில் எழுகின்றன; நடுவதும் எண்ணுவதும் விற்பதும் சுலபம். உகாண்டாவின் கச்சுங் பகுதியில் நார்வேக்காரக் கம்பெனி அப்படிப் பைன் போட்டபோது, ஆண்டாண்டாக அங்கே மாடு மேய்த்து, பயிர் வைத்துப் பிழைத்தவர்கள் வெளியே நின்றார்கள். விவரம் தெரிந்ததும், கிரெடிட் வாங்க ஒப்பந்தம் போட்டிருந்த ஸ்வீடன் அரசின் எரிசக்தி நிறுவனம் 2015-ல் பணத்தை நிறுத்தி வைத்தது. வாங்குகிறவர் கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

கார் பந்தயமும் காபித் தோட்டமும்

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை நடத்தும் சர்வதேச அமைப்பு, தன் பந்தயப் புகைக்கு ஈடாகக் காசு கொடுத்தது யாருக்குத் தெரியுமா? மெக்ஸிகோவின் சியாபஸ் மாநிலத்து மாயா பழங்குடி விவசாயிகளுக்கு! 1997-ல் தொடங்கிய ஸ்கோலெல் தே என்ற திட்டம் அது. அங்கே ஒரு விவசாயி சேர வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்து தன் நிலத்தைத் தானே படமாக வரைய வேண்டும். இங்கே வீடு, இங்கே மக்காச்சோளம், இங்கே காபி, ஓடை இப்படிப் போகிறது, இந்த வரப்பில் மரம் வைக்கலாம், இந்த மூலையைக் காடாகவே விடலாம். அந்தப் படம்தான் ஒப்பந்தத்துக்கு அடிப்படை. வெளியூர் அதிகாரி வரைந்து கொண்டுவந்து கையெழுத்துக் கேட்பதில்லை. பணமும் ஒரே தடவையில் வராது. நட்டபோது கொஞ்சம், பிழைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து ஆண்டுகள் கழித்து மீதி. பிளான் விவோ என்ற உலக அளவுச் சான்று முறையே இந்த மலை ஊர்களில் பிறந்ததுதான்.

தான்சானியாவில் 1999-ல் தொடங்கிய டிஸ்ட் திட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள். நிலம் விவசாயியுடையது, மரம் விவசாயியுடையது, காய் கனி விறகு எல்லாம் அவருடையது. கார்பன் விற்ற லாபத்தில் 70 சதவீதமும் அவருக்கு. மரத்தை எண்ணி, சுற்றளவு எடுத்து, ஜிபிஎஸ் கருவியில் ஏற்றுவது யார்? பக்கத்து ஊர் விவசாயிகளேதான்! கென்யா, உகாண்டா என்று பரவிய அந்தத் திட்டம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் வந்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஆந்திரத்தின் அரக்கு பள்ளத்தாக்கில், ஆதிவாசிக் குடும்பங்கள் காபியும் பழமரங்களுமாக 30 லட்சம் மரம் வைத்தார்கள். நாந்தி அமைப்பு முன்னின்று செய்தது. முதல் போட்டது ஐரோப்பியக் கம்பெனிகள் சேர்ந்து வைத்திருக்கும் லைவ்லிஹுட்ஸ் நிதி. தயிர் விற்கும் டனோன் ஆரம்பித்தது. ஆடம்பரப் பொருள் விற்கும் ஹெர்மெஸ், டயர் செய்யும் மிஷெலின், மென்பொருள் செய்யும் எஸ்ஏபி எல்லாம் சேர்ந்தன. கார்பன் அவர்கள் கணக்கில். காபி? 2017-ல் பாரீஸில் அரக்கு காபிக்கென்றே ஒரு கடை திறந்தார்கள்!

117 ஹெக்டேர், இரண்டு கிராமம்

இத்தனையிலும் எனக்கு மிகப் பிடித்தது மிகச் சின்னதான ஒன்று. கென்யாவில் மொம்பாசாவுக்குத் தெற்கே காஸி வளைகுடா. 1970-களில் செங்கல் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் விறகாக அங்கே அலையாத்தியை மொட்டை அடித்தார்கள். கரை அரித்தது, மீன் குறைந்தது. கென்யாவின் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கைரோ 1990-களிலிருந்து ஊர்மக்களோடு சேர்ந்து சேற்றில் இறங்கி நட ஆரம்பித்தார்.

அலையாத்தி நடவை அருகில் பார்த்தால் வியப்பு அடங்காது. சுரபுன்னை இனத்தில் விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும்! ஒன்றிரண்டு சாண் நீளத்துக்குப் பச்சைத் தண்டாகத் தொங்கி, முற்றியபின் விழும். வற்றம் என்றால் சேற்றில் குத்தி நிற்கும். ஏற்றம் என்றால் மிதந்து போய் எங்கோ கரை ஒதுங்கி வேர் விடும். நடுகிறவர்கள் முற்றிய தண்டைப் பொறுக்கி வந்து, வற்றம் பார்த்து, முழங்கால் சேற்றில் வரிசை கட்டி நின்று, தண்டின் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி கையால் செருகிக்கொண்டே போவார்கள். அலை திரும்புவதற்குள் வேலை முடிய வேண்டும்.

2013-ல் காஸி, மகோங்கெனி என்ற இரண்டு கிராமங்களும் சேர்ந்து மிகோகோ பமோஜா என்ற பெயரில் கார்பன் விற்க ஆரம்பித்தன. அலையாத்தியின் கார்பனை ஊரே விற்பது உலகில் அதுதான் முதல்முறை! இயற்கையாக நிற்கும் 107 ஹெக்டேர், நட்டு வளர்த்த 10 ஹெக்டேர். ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கரியமில வாயு. மரத்தில் இருப்பதைவிடச் சேற்றுக்குள் இருக்கும் கார்பன்தான் அதிகம். அலையாத்தி மண்ணில் காற்றுப் புகாததால் விழுந்த இலையும் வேரும் நூற்றாண்டுக்கணக்கில் மக்காமல் கிடக்கும். வாங்குகிறவர்கள் ஸ்காட்லாந்துத் தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாக வரும் கம்பெனிகளும் தனி மனிதர்களும்.

காட்டுக்குள் விறகு வெட்டக்கூடாது என்றால் அடுப்புக்கும் கூரைக்கும் எங்கே போவது? குவாத்தமாலாவில் இடித்த அதே கேள்வி! காஸிக்காரர்கள் கரைக்கு மேலே தனியாக ஒரு தோப்புப் போட்டார்கள். என்ன மரம் தெரியுமா? நம்ம சவுக்கு! நம் கடலோரத்தில் விறகுக்கும் பந்தக்காலுக்கும் வைக்கிறோமே, அதேதான். சவுக்கு வெட்டலாம், அலையாத்தியைத் தொடக்கூடாது. காட்டுக்கு ஊர்க்காரர்களே காவல்.

தொடக்க ஆண்டுகளில் வந்த பணம் ஆண்டுக்குப் பத்து, பதினைந்தாயிரம் டாலர். பெரிய கம்பெனிக்கு அது தேநீர்ச் செலவு. இந்த ஊர்களில் அது குடிநீர்க் குழாயானது, பள்ளிப் புத்தகமானது. எதில் செலவழிப்பது என்று ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுக்கிறார்கள். கணக்கைப் பார்க்கும் குழுவையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டு வாசலில் குழாயைத் திறக்கும்போது அது எந்தக் காட்டிலிருந்து வந்த காசு என்று தெரிகிறது. 2017-ல் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசும் தேடி வந்தது.

பக்கத்து ஊர்கள் சும்மா இருக்குமா? அதே கரையில் இன்னும் தெற்கே, தான்சானிய எல்லைக்கு அருகில் வாங்கா, ஜிம்போ, கிவேகு என்று மூன்று கிராமங்கள். காஸிக்கு வந்து பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு, 2019-ல் தாங்களும் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இந்தமுறை 460 ஹெக்டேர், காஸியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு!